மேலாளர் நாற்காலியில் அப்பா

அத்தியாயம் 11

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு ரோலண்ட் ஷிமான்ஸ்கி குளியலறைக் கண்ணாடியின் முன் நின்று, தன்னைத்தானே வேலையிலிருந்து நீக்கிக்கொண்டிருந்தார்.

"உங்க வேலை இன்னியோட முடியுது. இது உங்க திறமையைப் பத்தின முடிவு இல்ல. நிறுவனத்தோட முடிவு."

வெளியே மனைவி நடீன் கதவைத் தட்டினார். "உன்னைத் துரத்தி முடிச்சாச்சுன்னா கொஞ்சம் வெளில வா. நான் பல் தேய்க்கணும்."

"இன்னும் ரெண்டு வரி இருக்கு."

"ஏழு பத்துக்கு நான் ஸ்கூல் பஸ்ஸை எடுக்கணும். அறுபது பிள்ளைங்க குளிர்ல நிக்கும். அந்த ரெண்டு வரியை சமையலறைல வந்து சொல்லு."

இந்த வாரம்தான் கதைக்குள் நுழைகிறவர்களுக்காக ஒரு சில வரிகள். விஸ்கான்சின் ஆற்றங்கரையில் இருக்கும் இந்த ஊரின் காகித ஆலையில் ரோலண்ட் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தார். ஒன்றரை வருடத்துக்கு முன் ஆலை மூடியது. அன்று வீட்டுக்கு வந்து அவர் சொன்னது இவ்வளவுதான்: "சூப்பரின்டெண்டென்ட் ரூமுக்குக் கூப்பிட்டு, உக்கார வெச்சு, கை குடுத்தார். மரியாதையாத்தான் அனுப்பினாங்க." அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. ஐம்பத்தொரு வயதில், அரசு தந்த மறுபயிற்சி உதவியோடு, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டு வருட வணிக மேலாண்மைப் படிப்பில் சேர்ந்தார்.

செப்டம்பரில் முதல் வகுப்புக்குப் போனால், மூன்றாவது வரிசையில் அவருடைய மகள் டெஸ்ஸா உட்கார்ந்திருந்தாள். பெரிய பல்கலைக்கழகத்தை ஒரே வருடத்தில் விட்டுவிட்டு வீடு திரும்பியவள், எங்கே சேர்ந்திருக்கிறாள் என்பதை மட்டும் மழுப்பிக்கொண்டே இருந்தாள். அன்று வண்டி நிறுத்துமிடத்தில் இருவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். கல்லூரி வாசலைத் தாண்டினால் அவர் அப்பா இல்லை, அவள் மகள் இல்லை. குடும்பப் பெயரைப் பற்றி யாராவது கேட்டால், இந்த ஊரில் தெருவுக்கு நாலு ஷிமான்ஸ்கி என்று சொல்லிவிட வேண்டும்.

ஒப்பந்தம் நவம்பர் வரை தாக்குப்பிடித்தது. இன்றைக்குத்தான் அதற்குச் சோதனை.

சமையலறையில் டெஸ்ஸா நின்றபடியே ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"சீஸ் ஆலை இன்டர்வியூ எத்தனை மணிக்கு, அப்பா?"

"மூணு மணிக்கு. அதுக்கு முன்னாடி பத்து மணிக்கு நம்ம பரீட்சை."

"நம்ம பரீட்சை இல்ல. உங்க பரீட்சை தனி, என் பரீட்சை தனி," என்றாள் டெஸ்ஸா. "அப்புறம், மறந்து போய் எனக்குக் கதவைப் பிடிச்சுட்டு நிக்காதீங்க. போன வாரம் நின்னீங்க."

"பின்னாடி யாரு வந்தாலும் நிப்பேன்."

"என் தொப்பியைச் சரி பண்ணிவிட்டீங்க அப்பா."

நடீன் ஓவர்கோட்டை மாட்டிக்கொண்டே சிரித்தார். "மத்தியானம் நான் கல்லூரிக்கு வரேன். உன் அப்பாவோட கோட்டைத் தேய்ச்சுக் கொண்டுவரணும். அதைக் கடைசியா சாவு வீட்டுக்குப் போட்டது, அந்துருண்டை வாசனை கூட போகல. எனக்கும் உங்க ரெண்டு பேரையும் தெரியாதுன்னு சொல்லணுமா?"

*

மனிதவள மேலாண்மை வகுப்பில் அன்று பாதிப் பேர் ஆரஞ்சு நிற வேட்டைத் தொப்பியோடு வந்திருந்தார்கள். சனிக்கிழமை மான் வேட்டை தொடங்குகிறது. மனசெல்லாம் காட்டில் இருந்தது.

ஆசிரியை பாஹுவா ஷியோங் முன்மேசையில் ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவை வைத்தார். "மேலாளரா நடிக்கப் போறவங்களுக்கு என்ன விஷயம் பேசணும்கிறது போன வாரமே தெரியும். எதிர்ல உக்காரப்போற ஊழியர் யாருன்னு இப்ப சீட்டு எடுங்க. எட்டு நிமிஷம். பதினஞ்சு மார்க்."

அவருக்கு வயது நாற்பதைத் தொடாது. ரோலண்டை அவர் முதல் நாளிலிருந்தே "மிஸ்டர் ஷிமான்ஸ்கி" என்றுதான் கூப்பிடுவார். மற்ற எல்லாரையும் பெயர் சொல்லித்தான்.

ரோலண்டின் விஷயம், ஒரு பிரிவையே மூடுகிறார்கள் என்று ஊழியரிடம் சொல்லி வேலையிலிருந்து அனுப்புவது. டப்பாவுக்குள் கையை விட்டுச் சீட்டை எடுத்தார். பிரித்துப் பார்த்தார். மடித்தார். மறுபடியும் பிரித்தார்.

"யாரு?" என்றார் பாஹுவா.

"டெஸ்ஸா."

வகுப்பில் யாரோ இருமினார்கள். பாஹுவா இருவரையும் பார்த்தார். "வேற சீட்டு எடுக்கணுமா?"

எடுத்தால் காரணம் சொல்ல வேண்டும். "வேண்டாம்," என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

முன்னால் ஒரு மேசை, இரண்டு நாற்காலி. ரோலண்ட் மேலாளர் பக்கம் உட்கார்ந்து தன் தாளை நேராக வைத்தார். டெஸ்ஸா கதவைத் தட்டுவது போல் மேசையின் ஓரத்தைத் தட்டினாள்.

"வாங்க. உக்காருங்க."

"பரவாயில்ல, நிக்கிறேன். என்ன விஷயம்?"

"உங்க வேலை இன்னியோட முடியுது," என்றார் ரோலண்ட், தாளைப் பார்த்தபடி. "சரக்கு அனுப்பற பிரிவை மூடறோம். இது உங்க திறமையைப் பத்தின முடிவு இல்ல. நிறுவனத்தோட முடிவு."

"பன்னிரண்டு வருஷமா வேலை பாக்கறேன்."

"தெரியும். நிறுவனம் அதை மதிக்குது."

"பனில ரோடு மூடின அன்னிக்குக் கூட நடந்து வந்திருக்கேன். நிறுவனம் நிறுவனம்னு சொல்றீங்களே, அது எங்க உக்காந்திருக்கு? நான் போய்ப் பேசறேன்."

பரீட்சைக்கு இவ்வளவு சூடு தேவையில்லை. அது டெஸ்ஸாவுக்கே தெரிந்தது. ஆனால் அப்பா வேலையிழந்த அந்த வசந்தத்தில் அவர் கராஜில் ஒரே பெட்டியைத் திரும்பத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். யாரிடமோ கேட்க வேண்டிய கேள்விகள் அவளுக்குள் அப்போதிலிருந்தே கிடந்தன. இப்போது அவை அவரிடமே வந்து விழுந்தன.

"முகத்தைப் பாத்துச் சொல்லுங்க," என்றாள். "தாளைப் பாத்துப் படிக்காதீங்க."

ரோலண்ட் தாளைப் பார்த்தார். அதில் இன்னும் ஐந்து வரி இருந்தது. அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எழுந்தார். தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து, அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். வேறு வழியில்லாமல் டெஸ்ஸாவும் உட்கார்ந்தாள்.

"இந்த முடிவை நான் எடுக்கல. ஆனா உங்ககிட்ட சொல்ற வேலையை நான்தான் கேட்டு வாங்கிக்கிட்டேன்," என்றார். "இன்னிக்கு ஷிஃப்ட்டை முடிச்சுட்டுப் போறதுன்னாலும் சரி, இப்பவே கிளம்பறதுன்னாலும் சரி. உங்க இஷ்டம். உங்க வாசல் அட்டை வெள்ளிக்கிழமை வரைக்கும் வேலை செய்யும். காலைல வந்து கேட் மெஷின்ல வெச்சா பச்சை விளக்கு எரியும். சிவப்பு எரியாது."

விளக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை. டெஸ்ஸா அடுத்துச் சொல்ல வைத்திருந்த வசனம் நின்றுபோனது.

"உங்க லாக்கரை நீங்களே காலி பண்ணலாம். வேற யாரும் உங்க பூட்டை வெட்டி, உள்ள இருக்கறதை எல்லாம் அட்டைப் பெட்டில போட்டு, கேட்டுக்கு வெளில கொண்டு வந்து நீட்ட மாட்டாங்க. பின்னாடி வண்டிங்க வரிசையா ஹாரன் அடிச்சிட்டு நிக்கும்போது அதை வாங்கிக்க வேண்டியதில்ல."

டெஸ்ஸா நாற்காலியில் முன்னால் நகர்ந்தாள்.

"அப்பா," என்றாள் டெஸ்ஸா.

அவர் திருத்தவில்லை.

"அன்னிக்கு சிவப்பு எரிஞ்சுதா?"

ரோலண்ட் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "மூணு தடவை. அட்டை அழுக்கா இருக்கும்னு நினைச்சேன். சட்டைல துடைச்சுத் துடைச்சு வெச்சேன்."

பிறகு கடைசி வரிசையிலிருந்து டில்லன் என்ற பையன் தொண்டையைச் செருமினான். "மேடம், இவங்க அப்பா பொண்ணுன்னு எங்களுக்கெல்லாம் செப்டம்பர்லயே தெரியும். ரெண்டு பேரும் ஒரே மாதிரி தும்முவாங்க."

முதலில் சிரித்தது ரோலண்ட். அப்புறம்தான் வகுப்பு.

பாஹுவா தன் குறிப்பேட்டில் ஏதோ எழுதிவிட்டு நிமிர்ந்தார். "எட்டு நிமிஷம் சொன்னேன். பதினாலு ஆச்சு. ஒரு மார்க் போச்சு. வாசல் அட்டையைப் பத்தி மேலதிகாரியைக் கேக்காம வாக்கு குடுத்துட்டீங்க. அதுக்கு ஒண்ணு. பதினஞ்சுக்குப் பதிமூணு."

"நியாயம்தான்," என்றார் ரோலண்ட்.

"இந்த வகுப்பை ஆறு வருஷமா எடுக்கறேன், மிஸ்டர் ஷிமான்ஸ்கி. இந்தப் புத்தகம் நானூறு பக்கம். வாசல் அட்டையைப் பத்தி ஒரு வரி கிடையாது." அவர் குறிப்பேட்டை மூடினார். "அடுத்தது யாரு?"

"எனக்கு எவ்வளவு மேடம்?" என்றாள் டெஸ்ஸா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"ஊழியருக்கு மார்க் இல்ல. உன் முறை அடுத்த வாரம்."

*

மத்தியானம் கல்லூரி உணவகத்தில் நடீன் கோட்டை நாற்காலி முதுகில் விரித்துப் போட்டார். மூன்று கிண்ணத்தில் சீஸ் சூப் ஆவி பறந்தது. அப்பாவும் மகளும் ஒரே மேசைக்கு வந்து உட்கார்ந்ததைப் பார்த்து அவர் புருவத்தை உயர்த்தினார்.

"ஒப்பந்தம் முறிஞ்சுடுச்சா?"

"முறிஞ்சுடுச்சு," என்றாள் டெஸ்ஸா.

ரோலண்ட் கரண்டியைக் கீழே வைத்தார். "நடீன், ஆலை மூடின அன்னிக்கு யாரும் எனக்குக் கை குடுக்கல. ரூமுக்கும் கூப்பிடல. கேட்லயே நிறுத்தி அனுப்பிட்டாங்க."

"தெரியும்."

ரோலண்ட் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"கேட்ல காவலுக்கு நின்னது ரஸ்," என்றார் நடீன். "அன்னிக்கு மத்தியானமே அவன் பொண்டாட்டி எனக்குப் போன் பண்ணினா. உனக்குப் பெட்டியை எடுத்துக் குடுத்ததுல இருந்து அவன் சோறு தண்ணி இல்லாம கார்லயே உக்காந்திருக்கான்னு சொல்லி அழுதா."

"ஒன்றரை வருஷமா தெரிஞ்சுமா சும்மா இருந்த?"

"கை குடுத்தாங்கன்னு நீ சொன்னப்போ உன் முகத்தை ரொம்ப கஷ்டப்பட்டு நல்லா வெச்சிருந்த. அதைக் கலைக்க எனக்கு மனசு வரல." நடீன் அவர் பக்கம் ரொட்டியைத் தள்ளினார். "ஆனா ஒண்ணு. நான் தினம் அறுபது பிள்ளைங்களை வண்டில ஏத்தி இறக்கறவ. யாரு யாரைக் கிள்ளினான்னு திரும்பிப் பாக்காமலே சொல்வேன். இனிமே என்கிட்ட பொய் சொல்லிப் பிரயோஜனமில்ல."

"சரி."

"சாப்பிடு."

அவர் சாப்பிட்டார். கிண்ணம் காலியாகும் வரை நிமிரவே இல்லை. நடீன் மெல்ல மகள் பக்கம் திரும்பினார்.

"உண்மை பேசற நாளா இருக்கு. பல்கலைக்கழகத்தை ஏன் விட்டேன்னு நீயும் சொல்லலாம்."

"படிப்பு பிடிக்கலன்னு சொன்னேனே."

"சொன்ன."

"சூப் ஆறுது அம்மா," என்றாள் டெஸ்ஸா.

நடீன் கடிகாரத்தைப் பார்த்தார். சாயங்கால பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எழுந்து நின்று ரோலண்டுக்குக் கோட்டை மாட்டிவிட்டு, தோளைத் தட்டிச் சமன் செய்தார். "வண்டியை டெஸ்ஸா ஓட்டட்டும். பதற்றமா இருந்தா நீ மாட்டு வண்டி மாதிரி போவ."

*

சீஸ் ஆலை இருபது மைல் தள்ளி இருந்தது. போகும் வழியில் பனி தூறத் தொடங்கியது. ஒரு முறை டெஸ்ஸா கையை நீட்டி அவருடைய கழுத்துப் பட்டையை நேராக்கினாள். "என் தொப்பிக்கு இப்ப கணக்கு சரியாப் போச்சு," என்றாள்.

ஆலையின் நிர்வாகி கிரெட்டாவுக்கு நெற்றியில் முடியை மூடும் வலைத்தொப்பியின் தடம் சிவப்பாக இருந்தது. உள்ளே வேலை பார்த்துவிட்டு அப்படியே வந்தவர் என்று ரோலண்டுக்குத் தெரிந்தது. அது அவருக்குப் பிடித்தது.

கிரெட்டா இயந்திரங்களைப் பற்றிக் கேட்டார். ஷிஃப்ட் மாற்றும்போது வரும் சண்டைகளைப் பற்றிக் கேட்டார். ரோலண்ட் தடுமாறாமல் பதில் சொன்னார்.

"யாரையாவது வேலையை விட்டு அனுப்பியிருக்கீங்களா?"

"இன்னிக்குக் காலைல."

கிரெட்டா தலையைத் தூக்கினார். "யாரை?"

"என் பொண்ணை."

முழுவதையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. மகளுடன் ஒப்பந்தம், ஐஸ்கிரீம் டப்பா, நான்காக மடித்த தாள். சிவப்பு விளக்கைக்கூடச் சொன்னார். காலையில் முதல்முறையாக வாயிலிருந்து வந்த விஷயம் இரண்டாம் முறை அவ்வளவு கனக்கவில்லை. கிரெட்டா முதலில் சிரித்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டார்.

"மிஸ்டர் ஷிமான்ஸ்கி, உங்ககிட்ட ஒண்ணை மறைச்சு வெச்சு இந்த வேலையைக் குடுக்க எனக்கு இஷ்டமில்ல," என்றார் கடைசியில். "இது ரெண்டாம் ஷிஃப்ட் மேற்பார்வையாளர் வேலை. ஜனவரில புது மெஷின் வருது. பழைய பேக்கிங் வரிசையை எடுத்துடுவோம். அதுல பதினோரு பேர் இருக்காங்க. அவங்களை உக்கார வெச்சுச் சொல்றதுதான் நீங்க செய்ய வேண்டிய முதல் பெரிய வேலை."

ஜன்னலுக்கு வெளியே பால் லாரி ஒன்று பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. ரோலண்ட் அது நிற்கும் வரை பார்த்தார்.

"பதினோரு பேருமா போகணும்?"

"முதலாளி குடும்பம் அப்படித்தான் முடிவு பண்ணியிருக்கு."

"அவங்ககிட்ட யாராவது வேற வழி சொன்னாங்களா?"

கிரெட்டா பேனாவை மறுபடி கையில் எடுத்தார். "சொல்ற இடத்துல இது வரைக்கும் யாரும் இல்ல," என்றார். "வேலை உங்களுக்குத்தான். வேணுமா வேண்டாமான்னு திங்கக்கிழமை சொல்லுங்க."

*

வண்டிக்குள் சூடாக இருந்தது. ரோலண்ட் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். நடந்ததைச் சொன்னார்.

"வேண்டாம்னு சொல்லிடுங்க," என்றாள் டெஸ்ஸா. "அவங்களுக்கு அழுக்கு வேலை செய்ய ஒரு ஆள் வேணும். காலைல நீங்க பட்டது போதும்."

"நான் வேண்டாம்னா வேற யாராவது வருவாங்க."

"வரட்டும்."

"தாளைப் பாத்துப் படிப்பாங்க."

டெஸ்ஸா வண்டியைக் கிளப்பினாள். துடைப்பான்கள் கண்ணாடியிலிருந்த பனியை வழித்துத் தள்ளின. ஆலை வாசலை நெருங்கும்போது சட்டென்று பிரேக்கை மிதித்தாள்.

"என்ன ஆச்சு?"

"அதைப் படிங்க."

வாசல் கம்பத்தில் பெரிய துணிப் பதாகை ஒன்று காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே வரும்போது பதற்றத்தில் இருவரும் அதைப் பார்க்கவில்லை. முதல் ஷிஃப்டுக்கும் மூன்றாம் ஷிஃப்டுக்கும் ஆட்கள் தேவை. முன் அனுபவம் அவசியமில்லை. பயிற்சி நாங்களே தருகிறோம்.

"அனுபவமே இல்லாதவனை எடுத்துச் சொல்லிக் குடுப்பாங்களாம்," என்றாள் டெஸ்ஸா. "பேக்கிங்ல இருக்கற பதினோரு பேரை வெளில அனுப்புவாங்களாம். போன மாசம் வகுப்புல பாஹுவா மேடம் என்ன சொன்னாங்க? புது ஆளைத் தேடறதுக்கு முன்னாடி இருக்கற ஆளைப் பாருன்னு. நீங்க அன்னிக்குக் குறிப்பெல்லாம் எடுத்தீங்க. பின்னாடி இருந்து நான் பாத்தேன்."

"நீ மூணாவது வரிசைலதானே இருந்த."

"அன்னிக்கு உங்க பின்னாடி உக்காந்தேன். விஷயத்துக்கு வாங்க."

ரோலண்ட் பதாகையை இன்னொரு முறை படித்தார். உதடு அசைந்தது. கதவைத் திறந்தார். குளிர்ந்த காற்று வண்டிக்குள் நுழைந்தது.

"எங்க போறீங்க? திங்கக்கிழமைதானே சொல்லணும்?"

"பதில்தான் திங்கக்கிழமை. கேள்வியை இப்பவே கேக்கலாம்."

அவர் இறங்கி, கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டே பனியில் நடந்தார். டெஸ்ஸா கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அலுவலகக் கதவு திறந்தது. கிரெட்டா வாசலுக்கு வந்தார். அப்பா கையை நீட்டிக் கம்பத்தைக் காட்டி ஏதோ சொன்னார். கிரெட்டா கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பனிக்கு மறைத்துக்கொண்டு, தினமும் அதன் கீழேதான் வந்து போகிறவரானாலும், அந்தப் பதாகையை அப்போதுதான் படிப்பவரைப் போல வெகுநேரம் நின்று பார்த்தார். பிறகு கதவை அகலத் திறந்து பிடித்தார். அப்பா உள்ளே போனார்.

டெஸ்ஸா வண்டியை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தாள்.